வாடகைக்கு ஓர் இரங்கற்பா

1

ஊரில் சிற்றிதழ் நடத்தும் நண்பர் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார். ‘கவிதையை நம்பிப் பிழைக்க முடியுமா? அன்றும் இன்றும்’ என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். பெங்களூரில் பல வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் என்பதால் என்னுடைய பார்வை வித்தியாசமாக இருக்குமாம். சன்மானம் உண்டா என்று கேட்டேன். ஓராண்டுக்கு இதழ் இலவசமாக வரும் என்றார். தலைப்புக்கு அதுவே பாதி பதில் என்பது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

மீதிப் பதிலை நான் சொல்கிறேன். முடியும். நான் பிழைக்கிறேன். ஈஜிபுராவில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஷீட் கூரை போட்ட ஒன்றரை அறையில் வாடகை கொடுக்காமல் இருக்கிறேன். கரண்டும் தண்ணீரும் அதில் அடக்கம். ஈஜிபுராவில் வீடு தேடியவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட பரிசில் என்று புரியும். அந்தக் காலத்து அரசர்கள் புலவர்களுக்கு யானை கொடுத்தார்கள் என்று பள்ளியில் படித்தோம். அதை வீட்டுக்கு ஓட்டிப் போனவன் அதற்கு என்ன தீனி போட்டான், அவன் பெண்டாட்டி அவனை என்ன சொன்னாள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. என் பரிசிலுக்குத் தீனி போட வேண்டாம்.

பரிசில் வாங்கிக்கொண்டு திரும்புகிற புலவன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு புலவனுக்கு ‘இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார்’ என்று சொல்லி அனுப்புவது மரபு. நான் சொல்ல மாட்டேன். அறை ஒன்றுதான் இருக்கிறது.

அதைக் கொடுத்த வள்ளலின் பெயர் கோதண்டம். கட்டடத்தின் சொந்தக்காரர். இப்போது கீழ்த்தளத்தில் படுத்திருக்கிறார். ‘வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்’ என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஆக்சிஜன் இயந்திரத்தின் உறுமல் மாடிப்படி வழியாக மேலே வந்துகொண்டே இருக்கிறது. இன்று ஞாயிறு. வழக்கமாக இந்த நேரத்தில் நான் கீழே அவர் முன்னால் உட்கார்ந்து, அவர் செத்துப்போனதற்காக எழுதிய பாட்டைப் படித்துக்கொண்டிருப்பேன். இன்று எனக்கு விடுமுறை.

2

பெங்களூருக்கு நான் கவிஞனாக வரவில்லை. செங்கத்திலிருந்து பொம்மசந்திராவுக்கு, ஒரு பம்பு உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பராக வந்தேன். கூடவே மனைவி மஞ்சுளா. மகள் யாழினி இங்கேதான் பிறந்தாள். ழகரம் உள்ள பெயராகத் தேடித் தேடி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் யாலினி என்றார்கள். ஆபீஸில் யாலு என்கிறார்கள். போனில் அவளே ‘ஹலோ, யாலினி ஹியர்’ என்கிறாள். கன்னடம் நன்றாக எழுதுவாள், ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறாள், தமிழ் பேசுவாள். படிக்கத் தெரியாது. சின்ன வயதில் மஞ்சுளா சிலேட்டோடு உட்கார்த்தி வைத்துப் பார்த்தாள். அப்பா கவிஞர்தானே, அவர் சொல்லித் தரட்டும் என்று விட்டுவிட்டாள். அப்பா அப்போது கவியரங்கத்துக்குப் போயிருந்தார்.

தொழிற்சாலை ஒரு நாள் இடம் மாறிப் போனது. எங்களில் பாதிப் பேரை ஏற்றிக்கொள்ளவில்லை. வேறு கம்பெனி தேடியிருக்கலாம். எனக்குத்தான் அப்போது கவிதையை நம்பியே வாழ்ந்து பார்ப்போம் என்று கிறுக்குப் பிடித்தது. ஒக்கலிபுரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் தமிழன்பர்கள் கூடுவார்கள். தலைமைக் கவிஞருக்குப் பெரிய சால்வை, மற்றவர்களுக்குச் சின்னச் சால்வை, எல்லோருக்கும் கேசரி. வந்த சால்வைகளை மஞ்சுளா முதலில் தலையணைக்கு உறையாகத் தைத்தாள். ஜரிகை குத்துகிறது என்று பிறகு ஜன்னலுக்குத் திரையாக்கினாள். கல்யாணங்களுக்கு வாழ்த்து மடல் எழுதினேன். கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் கொடுப்பார்களே, அது. மணமக்கள் பெயரை மாற்றினால் போதும், ஒரே மடல் நாற்பது ஜோடிக்கு ஓடியது. சட்டம் போட்டவனுக்குக் காசு கொடுத்தவர்கள் என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

ஆக, நான் கவிதையால் வாழ்ந்தேன் என்று இங்கே சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுவதும் எங்களை வாழ வைத்தது மஞ்சுளாவின் கரண்டி. கோரமங்களாவில் ஒரு அபார்ட்மென்டில் இரண்டு வீடுகளுக்குச் சமைத்துப் போட்டாள். காலையில் இருட்டோடு எழுவாள். நாங்கள் விழித்துவிடுவோம் என்று விளக்கைப் போட மாட்டாள். சுவரைத் தடவிக்கொண்டே நடந்து, அடுப்பைப் பற்ற வைத்து, அந்த வெளிச்சத்தில் வேலை செய்வாள். கடைசித் தோசையை எங்கள் தட்டில் போட்டுவிட்டு ‘நான் அப்பவே தின்னுட்டேன்’ என்பாள். தின்றிருக்க மாட்டாள். இது எங்களுக்குத் தெரியும். தெரிந்தே தின்போம்.

3

கோதண்டத்தின் அப்பா தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதியில், வெள்ளைக்காரன் காலத்தில் குடியேறியவர். இவர் கட்டடங்களுக்கு சென்ட்ரிங் பலகை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தார். கண்ணாடி மாளிகைகள் முளைத்த காலத்தில் அவருடைய பலகைகள் மேல்தான் பெங்களூரின் பாதித் தளம் காய்ந்தது என்பார். குடித்தனக்காரர்கள் எல்லோருக்கும் அவரைக் கண்டால் ஆகாது. ஒரு நாள் வாடகை தள்ளிப்போனால் தண்ணீர் வால்வை மூடுவார். கர்ப்பிணி இருந்த வீட்டுக்கும் மூடினார்.

நாங்களும் அப்போது அங்கே வாடகைக்குத்தான் இருந்தோம். நான் வாடகை தள்ளிப் போட்டிருந்த ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டார். வால்வைப் பற்றித்தான் என்று போனேன்.

“இன்னா கவிராயரே, ஊட்ல சும்னே குந்திகினு கீறியாமே?”

“எழுதிக்கிட்டு இருக்கேங்க.”

“அதான் நானும் சொல்றேன். உக்காரு.”

அவர் மனைவி இறந்தபோது படத்திறப்பு வைத்திருக்கிறார். பதினாறாம் நாள் இறந்தவரின் படத்துக்குத் திரை விலக்கி, நாலு பேர் எழுந்து பேசுகிற நிகழ்ச்சி. அரசியல்காரர் ஒருவர் வந்து, தான் சிறைக்குப் போன கதையைப் பேசினார். ஒரு புலவர் இறந்தவரின் பெயரையே மாற்றிப் படித்தார். கோதண்டத்தின் மகன்கள் இருவரும் கூட்டத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவன் ஆஸ்திரேலியாவில், சின்னவன் இங்கேயே வொயிட்ஃபீல்டில்.

“அவளுக்கே அப்பிடின்னா எனக்கு எவன் அழுவான்? பில்குல் ஒருத்தன் அழ மாட்டான். எனக்குத் தெரியும்பா, நான் இன்னா நல்லவனா?” என்றார். “நீ எழுதி வெய்யி. நான் போனதும் நீயே நின்னு படிக்கணும். படிச்சா எல்லாரும் அழணும். அழுவாங்களான்னு நான் முன்னாடியே கேட்டுப் பாக்கணும். வாரா வாரம் ஞாயித்துக்கெழம வா. நான் கீற வரைக்கும் உனக்கு மேல் ரூமு ஃப்ரீ.”

பழைய புலவர்கள் வள்ளல் செத்த பிறகு கையறுநிலை பாடினார்கள். எனக்கு வள்ளல் உயிரோடு எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு கேட்டார். அவர் சாவைப் பாடுவதுதான் என் வேலை, அவர் சாகாமல் இருப்பதுதான் என் சம்பளம். அவர் தும்மினால் நான் கஷாயம் கொண்டு ஓடினேன். இந்த நகரத்தில் அவருடைய நீண்ட ஆயுளை மனதார வேண்டிக்கொண்ட ஒரே மனிதன் அவருக்கு இரங்கற்பா எழுதியவன்தான்.

4

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கொடை, வீரம், ஈகை என்று பட்டியல் போட்டு எடுத்துப் போனேன். பாதியிலேயே கையை உயர்த்தினார்.

“இது வேணாம். இத எவனுக்கு வேணா படிக்கலாம். கல்யாண மடலு கணக்கா கீது.”

மனிதருக்குக் காது இருந்தது. அதுதான் தொல்லை. பல வாரம் தள்ளிவிட்டார். அவர் பார்வை வால்வுப் பக்கம் போக ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல், அழுகிற மாதிரி எனக்குத் தெரிந்தது எதுவோ அதை எழுதினேன். வீடு விழித்துவிடுமே என்று விளக்கைப் போடாமல் இருட்டில் நடக்கும் கால்களை எழுதினேன். கடைசிப் பங்கைப் பிறர் தட்டில் போட்டுவிட்டுப் பசியில்லை என்று சொல்லும் வாயை எழுதினேன். வாசலில் எப்போதும் ஓரமாக, மற்றவர்களுடைய செருப்புக்கு இடம் விட்டுக் கிடக்கும் ஒரு ஜோடிச் செருப்பை எழுதினேன். எல்லாம் மஞ்சுளாவுடையது. ‘அம்மா’ என்று வரவேண்டிய இடத்தில் ‘ஐயா’ என்று போட்டேன்.

கோதண்டம் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

“இது நான்தான்” என்றார்.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது சிரிப்புக்குரியது இல்லை. அவர் அந்தப் பாட்டுக்குத் தகுந்தபடி மாற ஆரம்பித்தார். சமையல்கார அம்மாவிடம் கடைசிச் சப்பாத்தியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். செருப்பை ஓரமாக விட்டார். இருட்டில் எழுந்தால் விளக்கைப் போடுவதில்லையாம். அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் இருக்கிறார், யார் விழிப்பது? வால்வு மூடுவதையும் குறைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிறும் பாட்டைக் கேட்பார், ஒரு சொல்லை மாற்றச் சொல்வார், மறு வாரம் அதையே திரும்ப வைக்கச் சொல்வார். ஆறு வருடம் இப்படிப் போனது. எனக்கு மனப்பாடம் ஆனது, அவருக்கும் ஆனது.

மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டே நான் சொல்லிப் பார்ப்பதை மஞ்சுளா கேட்டாள்.

“இன்னாங்க, செருப்ப ஓரமா வுடறது நான்ல?”

“பொதுவா எழுதினது.”

“இருட்டுல நடக்கறதும் பொதுவா?” துணியை உதறினாள். “சரி, எழுதிக்கினு போங்க. வாடகை மிச்சம்தான். எனக்கு ஒண்ணு எழுதுவீங்களா, நான் போனா?”

“உனக்கு எதுக்கு இப்ப? அதான் இருக்கியே.”

“அதுக்குள்ள எல்லாத்தையும் அந்தாளுக்கே எழுதித் தீத்துடாதீங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நாலு தெருத் தள்ளி வெங்காயம் மலிவு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

5

போன வருடம், கோரமங்களா அபார்ட்மென்டில் சர்வீஸ் லிஃப்டுக்கு வெளியே விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. அவள் சமைத்த வீட்டு அம்மாள் போன் செய்து அழுதார். அழுது முடித்துவிட்டு, மாடியில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தாளா என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அணைத்திருந்தாள். பிறகு போய்ப் பார்த்து, அவரே சொன்னார்.

இறப்பைப் பதிய யாழினியோடு போனேன். விண்ணப்பம் கன்னடத்தில் இருந்தது. அவள் நிரப்பினாள், நான் பக்கத்தில் ஆதார் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் ஆகியும் கன்னட எழுத்து எனக்கு ஜிலேபி வரிசைதான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“நிம்ம தந்தெ ஏன் கெல்சா மாட்தாரே?” அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று.

யாழினி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மனேலே இர்த்தாரே, சார்” என்றாள். வீட்டில்தான் இருக்கிறார்.

அந்த அளவுக்குக் கன்னடம் எனக்குப் புரியும் என்பதை அவள் மறந்திருந்தாள். நினைவிருந்தாலும் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

6

படத்திறப்பு வைக்க வேண்டும் என்று சொன்னது யாழினிதான். கோதண்டம் கார் நிறுத்தும் இடத்தைக் கொடுத்தார், நாற்காலிகளையும் இறக்கினார். மஞ்சுளா தனியாக நிற்கும் படம் ஒன்றுதான் அகப்பட்டது. அபார்ட்மென்ட் நுழைவு அட்டைக்காகக் காவலாளி எடுத்தது. கண்ணை அகலத் திறந்து, ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவளைப் போல நிற்பாள். அதைப் பெரிதாக்கி மாலை போட்டோம்.

ஒக்கலிபுரத்திலிருந்து கவிஞர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் மரணத்தின் தத்துவத்தைப் பேசினார். இன்னொருவர் தன்னுடைய வரப்போகும் தொகுப்பைப் பேசினார். பிறகு ‘இப்போது கவிஞர் தன் துணைவிக்குக் கவிதாஞ்சலி செலுத்துவார்’ என்று அறிவித்துவிட்டார்கள்.

அந்த நாட்கள் முழுவதும் நான் எழுதிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மஞ்சுளா என்று நினைத்தால் இருட்டில் நடக்கும் கால்கள் வரும். அது கோதண்டத்துடையது. கடைசித் தோசை வரும். அதுவும் அவருடையது. செருப்பு, சுவரைத் தடவும் கை, எதைத் தொட்டாலும் முன்பே விற்ற சரக்காக இருந்தது. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதானா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. கூட வாழ்ந்தவன் இன்னும் நாலு விஷயம் பார்த்திருக்க வேண்டாமா?

வெறுங்கையோடு மேடைக்குப் போனேன். ஒலிபெருக்கியைப் பிடித்ததும் வாய் தானாகத் தொடங்கிவிட்டது. ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். ‘ஐயா’ என்ற இடத்தில் ‘அம்மா’ என்று வந்தது, வேறெதையும் மாற்றத் தேவைப்படவில்லை. சட்டை அதை அளந்து தைத்த உடம்புக்கே திரும்பி வந்தது. கூட்டம் அழுதது. அவள் கூட வேலை பார்த்த பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். முன்வரிசையில் யாழினி போனை உயர்த்திப் பதிவு செய்துகொண்டே அழுதாள். என் கவிதை ஒன்றை அவள் முழுதாகக் கேட்டதே அன்றுதான்.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் கோதண்டம். அவர் அழவில்லை. என்னையும் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7

மறு ஞாயிறு கூப்பிட்டார். அறையைக் காலி செய்யச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். மனிதர் உற்சாகமாக இருந்தார்.

“ஓடுதுபா நம்ம சரக்கு! கடைசில நின்னுகினு இருந்த இஸ்திரிக்காரன்கூட அழுதான், பாத்தியா? நான் ஆறு வருசமா டவுட்ல கீறேன், இது நெஜமா வேலை செய்யுமான்னு. இப்ப நிம்மதி ஆச்சு. இனிமே ஒரு சொல்லு மாத்தக் கூடாது.”

“ஐயா, அது இனிமே மஞ்சுளாவோடதுங்க. உங்களுக்கு வேற எழுதித் தர்றேன்.”

“வேற எழுதுவியா? எழுது. இங்கியே குந்திகினு ஒரு வரி சொல்லு, கேக்கறேன்.”

நான் உட்கார்ந்திருந்தேன். அவர் காபியைக் குடித்து முடித்தார்.

“வராது. எனக்குத் தெரியும். உன்னாண்ட கீறது அது ஒண்ணுதான்.” குரலில் கேலி இல்லை, பலகையைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்கிற மாதிரி சொன்னார். “அது என் சாவுபா. அத எட்த்துனு போயி உன் ஊட்டுக்காரிக்குப் போத்திட்ட. போனாப் போவுது. நல்ல பொம்பள, ஒரு நாள் போத்திக்கட்டும். ஆனா எனக்கும் அதான் வோணும்.”

“யாழினி அத ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கா. தினமும் கேக்கறா.”

“கேக்கட்டும். நல்ல பாட்டு, இன்னொரு தபா கேட்டா இன்னா?”

அங்கேயே சின்ன மகனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். பாட்டைச் சொல்லச் சொல்லி, அந்தப் பக்கம் பதிவு செய்ய வைத்தார். சொன்னேன். ‘அம்மா’ இருந்த இடத்தில் மறுபடி ‘ஐயா’ போட்டேன். தன் படங்களை எந்தெந்த வரிக்குத் திரையில் காட்ட வேண்டும் என்று மகனுக்கு விளக்கினார். கடைசியில் சொன்னார். “இவரு ஃபுல்லா இத அப்பிடியே நின்னு படிச்சாருன்னா, அந்தப் பொண்ணு கல்யாணம் ஆவற வரைக்கும் மேல் ரூமு இவங்களுக்குத்தான். படிக்கலன்னா அன்னிக்கே பூட்டு போட்டுடு.”

“ஓகே டாடி” என்றது போன்.

அந்தப் பதிவுக்கு ஏற்றபடி படங்களைக் கோத்து வைத்துவிட்டதாகச் சின்னவர் பிறகு எனக்குச் செய்தி அனுப்பினார். ஒரு வரியை விழுங்கினாலும் திரை முன்னே ஓடிவிடும். அவருக்குக் கவிதைத் தமிழ் புரியாது. ஆனால் வேலையில் சுத்தமான மனிதர்.

8

யாழினியிடம் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அவள் தினமும் ஆபீஸ் வண்டிக்குக் காத்திருக்கும்போது காதில் அதை வைத்துக் கேட்கிறாள். அம்மாவின் குரல் எங்கும் பதிவாகவில்லை, அம்மாவின் நல்ல படம் இல்லை, அவளுக்கு இருப்பது என் வாயால் வந்த அந்தச் சில நிமிடம்தான். ‘அப்பா, இது அம்மாக்குன்னே எழுதினதுதானே?’ என்று ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மையும் இல்லை. உங்கம்மாவைப் பார்த்து எழுதி, கோதண்டத்துக்கு விற்று, கேட்காமல் திரும்ப எடுத்து, மறுபடி அவரிடமே ஒப்படைத்துவிட்டேன் என்று எந்த மொழியில் அவளிடம் சொல்வது? அவள் எதையும் எஸ்ஸா நோவா என்று கேட்கிற பெண்.

கிழவர் நூறு வயது இருந்தால் சிக்கலே இல்லை. அவரை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். இப்போது இருட்டு அவரைத் தள்ளிவிட்டது. விளக்கைப் போடாமல் கழிப்பறைக்குப் போயிருக்கிறார். வாசற்படி தடுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று, படுக்கையில் கிடந்து நெஞ்சில் சளி கட்டியது. ஸ்விட்ச் கைக்கு எட்டுகிற தூரத்தில்தானே இருந்தது, ஏன் போடவில்லை என்று டாக்டர் கேட்டாராம்.

“எனக்குப் பழக்கம் இல்ல” என்றாராம் கோதண்டம்.

அந்தக் காலத்தில் புலவன் அறம் வைத்துப் பாடினால் பாட்டுடைத் தலைவன் செத்துவிடுவான் என்று நம்பினார்கள், அந்தப் பயத்திலேயே பாதிப் புலவர்கள் சோறு தின்றார்கள். நான் வசை பாடவில்லை. என் மனைவியின் காலடியை எடுத்து ஒரு பாவிக்குப் பொருத்தினேன், அவர் அதில் நடக்கப் பார்த்து விழுந்தார். சொல்லுக்கு இன்னும் வேகம் இருக்கிறது என்று ஆசிரியர் இதைக் கட்டம் கட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம் பயமில்லாமல் எழுத ஒரே காரணம் யாழினிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதுதான். இதழ் வந்தால் அவள்தான் கீழிருந்து எடுத்து வருவாள். உறையைக்கூடப் பிரிக்காமல் என் மேஜையில் வைப்பாள். போன் மொழிபெயர்த்துத் தரும் என்பது எனக்கும் தெரியும், அதைச் செய்து பார்க்கும் அளவுக்கு என் எழுத்து மேல் அவளுக்கு ஆர்வம் இருந்ததில்லை. அச்சில் பத்திரமாக இருக்கிறேன். நின்று வாய்விட்டுப் படிக்கும்போதுதான் அகப்படுவேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மாடியேறி வந்தாள். கீழே கிழவருக்கு உதவியாக இருந்திருக்கிறாள். ஆபீஸில் இரண்டு நாள் லீவும் சொல்லிவிட்டாளாம். அம்மாவுக்கு இடம் கொடுத்தவர், நாற்காலி கொடுத்தவர் என்று அவளுக்கு அவர் மேல் பிரியம்.

“பெரிய அங்கிள் ஃப்ளைட் ஏறிட்டாராம் பா. டாக்டர் நாளையத் தாண்டறது கஷ்டம்னு சொல்றார்.”

“சரிம்மா.”

“என்ன எழுதற?”

“ஊர்ப் பத்திரிகைக்கு.”

“ஹௌதா, அப்படியா? அம்மா பத்தியா?”

“அம்மா பத்தியும்தான்.”

குனிந்து தாளைப் பார்த்தாள். “இதுல அம்மா பேரு எங்க இருக்கு?”

விரல் வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைக் கொஞ்சம் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கப் போனவள், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று திரும்பினாள்.

“சின்ன அங்கிள் கேட்டார் பா, தாத்தாக்குப் படிக்க நீ ரெடியான்னு. ரெடின்னு சொல்லிட்டேன். நீ டென்ஷன் ஆகாத. அம்மாக்குப் பண்ண மாதிரியே நான் முன்னாடியே உக்காந்து ரெக்கார்ட் பண்றேன்.”